இறையியல் கல்லூரியில் கணக்கேடும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சபையைச் சேர்ந்த பி.காம். பட்டதாரி இளைஞர் ஒருவர் குருத்துவப் பணிக்குப் படிக்க விரும்புகிறார். முதலில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு அப்புறம் ஊழியத்துக்குப் போகட்டும் என்று அவருடைய தாய்மாமா வற்புறுத்துகிறார். ஆண்டவர் அழைத்த பிள்ளைக்கு வியாபாரப் படிப்பு எதற்கு என்று பாட்டி மறுக்கிறார். இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அவர், "நீங்க என்ன சொல்றீங்க, தாத்தா?" என்று என்னிடம் வந்து கேட்டார். வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன், சேகரக் கமிட்டியில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் நிர்வாகக் குழுவில்) இரண்டு தவணை உறுப்பினராகவும் ஒரு தவணை பொருளாளராகவும் இருந்தவன் என்ற முறையில் அவருக்கு நான் சொன்ன பதிலை, இறையியல் கல்லூரிகளை நடத்துகிறவர்களும் பல சேகரங்கள் அடங்கிய பேராயங்களில் பொறுப்பில் இருப்பவர்களும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குருவானவர் எம்.பி.ஏ. படிக்க வேண்டியதில்லை. ஆனால் வரவுசெலவுக் கணக்கும், சபைச் சொத்துகளைப் பற்றிய சட்டமும், வேலைக்காரருக்குக் கூலி கொடுக்கும் முறையும், ஒரு கூட்டத்தைச் சண்டையில்லாமல் நடத்தி முடிக்கும் பக்குவமும் தெரியாமல் ஒருவரைச் சேகரத்துக்கு அனுப்புவது அவருக்கும் அநியாயம், சபைக்கும் அநியாயம். இவற்றை அவர் வேறெங்கோ போய்ப் படிக்கக் கூடாது. வேதாகமத்தையும் திருச்சபை வரலாற்றையும் படிக்கிற அதே கல்லூரியில், அதே நான்கு ஆண்டுகளுக்குள், ஊழியப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டச் சேகரம் ஒன்றில் நான் கமிட்டி உறுப்பினராக இருந்தபோது இளம் குருவானவர் ஒருவர் மாற்றலாகி வந்தார். இருபத்துமூன்றாம் சங்கீதத்தை அவரைப்போல் பிரசங்கித்தவரை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் வந்து ஜெபிப்பார். அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களின் ஏலம் வெகு சிறப்பாக நடந்தது. வெளியூரில் தொழில் செய்கிற ஒருவர் ஒரு வாழைத்தாரை 6,000 ரூபாய்க்கு எடுத்தார். பணத்தை ஊருக்குப் போய் அனுப்புவதாகச் சொன்னார். அவரைப்போல் இன்னும் பதினைந்து இருபது பேர். கையில் வந்த ரொக்கத்தை வங்கியில் கட்டாமலேயே, மழைக்கு இடிந்து கிடந்த ஆலயத்துச் சுற்றுச்சுவருக்குச் செங்கலும் சிமென்டும் வாங்கினார் குருவானவர். சுவர் எழும்பிவிட்டது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தணிக்கைக்கு வந்தவர் ரசீதும் வவுச்சரும் கேட்டபோது அவர் தம்முடைய வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த பதினொரு துண்டுச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். சிலவற்றில் தேதி இல்லை, சிலவற்றில் கடைப்பெயர் இல்லை, ஒன்றில் வெறும் தொகை மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது. 43,000 ரூபாய்க்கு ஆதாரம் இல்லை என்று தணிக்கையாளர் எழுதினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரில் "கையாடல்" என்ற சொல் பரவிவிட்டது. அவருடைய மனைவி தம் வளையல்களை விற்றுப் பணத்தைக் கட்டினார். எட்டு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

அவர் ஒரு காசைக்கூடத் தமக்கென்று எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் வந்த முதல் வாரமே ஒரு மாலைப்பொழுது அவரோடு உட்கார்ந்து, "ஐயா, வருகிற ரொக்கத்தை மறுநாளே வங்கியில் கட்டிவிடுங்கள், கடன் ஏலத்துக்குத் தனி ஏடு வையுங்கள், ரசீது இல்லாமல் செலவு செய்யாதீர்கள்" என்று மூன்று வாக்கியம் நான் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. குருவானவருக்கு நாம் பாடம் சொல்வதா என்ற தயக்கத்தில் சொல்லாமல் விட்டேன். அந்தக் குற்றவுணர்வு இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களை அவர் என்னைப்போன்ற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது? எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த கல்லூரியில் இதற்கு ஒரு மாதம் ஒதுக்க முடியாமல் போனதா?

சபை என்ன கம்பெனியா என்று கேட்பவர்கள் உண்டு. பந்தி விசாரிப்பதற்காகத் தேவவசனத்தைப் போதிப்பதை விட்டுவிடுவது தகுதியல்ல என்று அப்போஸ்தலர்கள் சொன்னதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை முழுவதும் படித்தால் அது என் பக்கமே பேசுகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கீடு சரியாகக் கிடைக்கவில்லை என்ற முறையீட்டை அப்போஸ்தலர்கள் அற்பக் காரியம் என்று ஒதுக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள், பொறுப்பைப் பிரித்தார்கள், நற்சாட்சி பெற்ற ஏழுபேரைச் சபையாரே தெரிந்தெடுக்கும்படி செய்தார்கள், அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். நல்ல நிர்வாகம் என்பது இதுதானே. பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தாம் தனியே எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் வைத்துக்கொண்டார்; கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் குற்றமற்றிருக்க வேண்டும் என்பதே அவர் கொரிந்தியருக்குச் சொன்ன காரணம். அந்த இளம் குருவானவர் கர்த்தருக்கு முன்பாகக் குற்றமற்றவர்தான். மனுஷருக்கு முன்பாக எப்படி அவ்வாறு நிற்பது என்பதை அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மதுரை அரசரடியிலும் பெங்களூரிலும் உள்ள இறையியல் கல்லூரிகளில் நம் குருமார் படித்து வாங்கும் பட்டம் வங்காளத்துச் செராம்பூரின் பெயரால் வழங்கப்படுகிறது. அந்தச் செராம்பூர்க் கல்லூரியை 1818-இல் நிறுவிய மூவரையும் எண்ணிப்பாருங்கள். வில்லியம் கேரி செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். 1793-இல் வங்காளத்துக்கு வந்து, பிழைப்புக்காக ஓர் அவுரித் தொழிற்சாலையை நிர்வகித்தவர். வில்லியம் வார்டு அச்சுத் தொழிலாளி. ஜோசுவா மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். அவரும் அவருடைய மனைவியும் நடத்திய பள்ளிகளின் வருமானமும், அச்சகத்தின் வருமானமும், கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி பெற்ற சம்பளமும் ஒரே பொதுப்பணமாகச் சேர்ந்து மிஷன் பணியைத் தாங்கின. 1812 மார்ச்சில் அச்சகம் தீக்கிரையானபோதும் அவர்கள் துவண்டுவிடாமல் அதை மீண்டும் எழுப்பினார்கள். இதை ஊழியம் வேறு, தொழில் வேறு என்று எப்படிப் பிரிப்பது?

அதே வரலாற்றில் கசப்பான பக்கமும் இருக்கிறது. நம் மாணவர்களுக்கு அதையே அதிகமாகப் படிப்பிக்க வேண்டும் என்பேன். செராம்பூரில் வாங்கிய சொத்துகள் யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும், இங்கே உழைக்கிறவர்களுடையதா, அவர்களை அனுப்பிய, இங்கிலாந்தில் இருக்கும் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தினுடையதா என்ற கேள்வி ஆரம்பத்திலேயே தெளிவாகத் தீர்க்கப்படவில்லை. பழைய நண்பர்கள் உயிரோடு இருந்தவரை நம்பிக்கையில் ஓடியது. அவர்களுக்குப்பின் புதியவர்கள் வந்ததும் சந்தேகமும் கடிதச் சண்டையும் மூண்டு, கடைசியில் 1827-இல் செராம்பூரார் தாய்ச் சங்கத்தைவிட்டே பிரிய நேர்ந்தது. பட்டம் வழங்கும் உரிமையை டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் அக்கல்லூரிக்கு அளித்ததும் அதே 1827-இல்தான். அதன்பின், 1830-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் அடுத்தடுத்து நொடித்தபோது அங்கே போட்டிருந்த மிஷன் பணமும் போயிற்று. நாற்பது மொழிகளில் வேதத்தை அச்சிடப் பாடுபட்டவர்களுக்கே ஒரு சொத்துப் பத்திரம் இவ்வளவு வேதனையைத் தந்ததென்றால், இன்று ஆலயமும், கல்லறைத் தோட்டமும், பள்ளிக்கூடமும், வாடகைக் கடைகளும் வைத்திருக்கும் ஒரு சேகரத்துக்குப் பட்டாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் வேறுபாடு தெரியாத ஒருவரைத் தலைவராக அனுப்புவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

நம் மண்ணிலிருந்தே உதாரணம் வேண்டுமானால் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா இருக்கிறார். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயராக, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற அவர், 1909-இல் குருப்பட்டம் பெறுவதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகளுக்குமேல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலராக ஊர் ஊராகச் சுற்றியவர். ஆட்களைக் கூட்டுவது, பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது, கணக்குக் காட்டுவது எல்லாம் அங்கே அவருக்குப் பழகிப்போயிருந்தன. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் அவர் முன்னின்று தொடங்கியவை. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது தேசிய மிஷனரி சங்கத்தின் கொள்கை. ஊழியரையும் பணத்தையும் நாம் மறக்கவில்லை. மூன்றாவதாகச் சொன்ன நிர்வாகத்தைத்தான் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போய்விட்டோம்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 537-ஆம் விதி, நம் சேகரத்தைப் போன்ற ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 1284-ஆம் விதி வரவுசெலவு ஏடுகளை ஒழுங்காக வைக்கச் சொல்கிறது. 1286-ஆம் விதி, வேலைக்கு ஆள் வைக்கும்போது தொழிலாளர் சட்டத்தை மதித்து நியாயமான கூலி கொடுக்கக் கட்டளையிடுகிறது. கூலி விஷயத்தில் நம் சபைகள் தலைகுனிய வேண்டும். ஆலயத்தில் மணியடித்து, பாய் விரித்து, கல்லறைக்குக் குழி தோண்டுகிற மனிதருக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

சட்டங்களோ ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டு வருகின்றன. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், அயல்நாட்டுப் பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். அதில் நிர்வாகச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. தனியாக ஊழியம் நடத்தும் எத்தனையோ போதகர்கள் இது தெரியாமல் நல்லெண்ணத்தோடு சிக்கிக்கொள்ளக்கூடும். இது போக, பல ஊர்களில் குருவானவரே தொடக்கப்பள்ளியின் தாளாளர். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவேட்டுக்குப் பொறுப்பாளரும் அவரே.

தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் விடுதிகளில் இரண்டு நாள் கூட்டம் நடத்திச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். நானும் ஒன்றுக்குப் போயிருக்கிறேன். சபையைப் பெருக்குவது எப்படி, மேடையில் நிற்பது எப்படி என்று சொன்னார்களே தவிர, காணிக்கையை எத்தனைபேர் சேர்ந்து எண்ண வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குருவானவரை முதலாளியாக்கும் அந்தப் படிப்பை நான் கேட்கவில்லை. அது வந்தால் அந்த இளைஞரின் பாட்டி சொல்வதுதான் சரி என்று நானே அவர் பக்கம் போய் நிற்பேன்.

நான் கேட்பது எளிமையானது. அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே, ஏழை எளியவர் நடுவில் குடியிருக்கச் செய்து படிப்பிக்கும் நல்ல வழக்கம் உண்டு. அதைப்போலவே ஒவ்வொரு மாணவரும் ஒரு சேகர அலுவலகத்தில் நான்கு மாதம் இருக்கட்டும். பொருளாளரோடு உட்கார்ந்து ரொக்க ஏட்டை எழுதட்டும், தணிக்கை நாளில் பக்கத்தில் இருக்கட்டும், வில்லங்கச் சான்று வாங்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வரட்டும், இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் கமிட்டியின் கூட்டக் குறிப்பை இருதரப்பும் கையெழுத்திடும்படி எழுதிப் பழகட்டும். கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்களும், தலைமையாசிரியர்களும், தணிக்கையாளர்களும், வழக்கறிஞர்களும் நம் சபைகளில் நிறையப்பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் சம்பளமில்லாமல் வருவோம்.

அந்த இளைஞர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். எம்.பி.ஏ.வுக்கு அல்ல, இறையியலுக்கு. கல்லூரி திறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ணும் மேசையில் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். போன வாரம் கூட்டல் முடிந்து மூன்றுபேர் கையெழுத்திட்டபின், நான் சொல்லாமலேயே தேதியைச் சரிபார்த்துவிட்டு ஏட்டை மூடினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
பாளையங்கோட்டை.