மைதானத்தில் கல் பதிக்காதீர்கள்: எங்கள் பள்ளித் தாளாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் படித்தேன். மைதானத்தின் கேட் பக்கப் பாதியில் பேவர் பிளாக் கல் பதிக்கப்படும், முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வேலை தொடங்கும் என்று இருந்தது. எதற்காக என்று அதில் எழுதவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்தத்தான் என்பது வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் தெரியும். முகூர்த்த நாட்களில் மட்டும் விட்டுவந்த இடத்தை இனி ஆண்டுக் குத்தகைக்கே கொடுக்கப் போகிறீர்கள். தயவு செய்து அந்தக் கல்லைப் பதிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஹாக்கி அணியைப் பற்றி உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வாங்கிய கோப்பையோடு பிள்ளைகள் நிற்கும் படம் பள்ளி வாசலில் பேனராகத் தொங்குகிறது. ஆனால் அந்தக் கோப்பை எந்தெந்த மாதத்தில் வந்தது, எந்த மாதத்தில் முதலிடம் கைநழுவியது என்பதை நிர்வாகத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். மாலையில் வேலை முடிந்து மகனை அழைத்துப்போக வந்து, கேட் ஓரமாக நின்று பார்த்தவள் என்பதால் எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் முதல் ஆட்டத்தில் 0-6 என்று தோற்றார்கள். அது கல்யாண சீசன், மைதானம் பிள்ளைகளுக்குக் கிடைத்த மாலைகள் குறைவு. அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் பூட்டிக் கிடந்தது, மைதானம் முழுக்கப் பிள்ளைகளுடையதாக இருந்தது. பி.டி. சார் தினமும் இருட்டும்வரை நின்று விளையாட வைத்தார். பந்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே ஓடிய பையன்கள் தலை நிமிர்ந்து பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டது அந்த மாதத்தில்தான். குறுவட்டப் போட்டியை ஜெயித்தார்கள். ஆவணி வந்ததும் கார்களும் வந்துவிட்டன. புரட்டாசியில் மறுபடி கார்கள் இல்லை. வருவாய் மாவட்டப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஏறிப்போனார்கள். இறுதி ஆட்டம் தீபாவளிக்குப் பிறகு, ஐப்பசியில் வந்தது. 1-2 என்று தோற்றோம்.

பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துப் பாருங்கள் ஐயா. கல்யாணம் இல்லாத மாதங்களில் எங்கள் பிள்ளைகள் முன்னேறியிருக்கிறார்கள்.

அந்த ஐப்பசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் கார்கள் ஏறி இறங்கும். டயர் பதிந்த பள்ளம் இரண்டு நாள் வெயிலில் அப்படியே இறுகி வரப்பு மாதிரி நிற்கும். ஹாக்கிப் பந்து கிரிக்கெட் பந்து அளவு, அதே போலக் கனம். அந்த வரப்பில் பட்டால் எங்கே எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு உதட்டில் தையல் போட்டது அப்படித்தான். பயிற்சி தொடங்கும் முன் பிள்ளைகள் வரிசையாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பந்தல் ஆணி, தண்ணீர் பாட்டில், உடைந்த பீர் பாட்டில் சில்லு. கோல்கீப்பர் பையன் காலில் பேடைக் கட்டிக்கொண்டு, முட்டியை மடக்க முடியாமல் இடுப்பை வளைத்துக் கண்ணாடி பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அதைக்கூடப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

பழக முடியாதது ஒன்று இருக்கிறது. பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் கோல் பக்கத்தில் தப்பாட்டம் ஆடினால் நமக்குக் கிடைக்கிற கோல் வாய்ப்பு.

நம் மைதானம் முழு அளவு கிடையாது. ஹாக்கி ஆடுகளத்துக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் வேண்டும், நமக்கு அவ்வளவு இடம் என்றைக்கும் இருந்ததில்லை. அதைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. ஒரு கோடியில் வகுப்பறைச் சன்னல்கள். அந்தப் பக்கம் ஓங்கி அடிக்கக் கூடாது, புஷ் மட்டும்தான் என்பது பழைய உத்தரவு, நியாயமான உத்தரவும்கூட. மிச்சம் இருப்பது கேட் பக்கத்துக் கோல் போஸ்ட் ஒன்றுதான். பெனால்டி கார்னர் பயிற்சி எடுக்க அதை விட்டால் வேறு இடம் இல்லை. கல் பதிக்கப் போவதும் சரியாக அங்கேதான்.

பெனால்டி கார்னர் மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை. கோல் பக்கத்துப் பின்கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிட வேண்டும். அது கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் டி வட்டத்தைத் தாண்டி வெளியே போக வேண்டும். அங்கே ஒருவன் அதை மட்டையால் அசையாமல் நிறுத்த வேண்டும், உடனே இன்னொருவன் அதை இழுத்து வீச வேண்டும். வட்டம் கோலிலிருந்து 14.63 மீட்டர். வீசுகிறவன் ஓடி வருவதற்கு அதற்குப் பின்னாலும் இடம் வேண்டும். இதைப் பாதித் தூரத்தில் பழக முடியாது. தள்ளுகிற வேகம், நிறுத்துகிற நேரம் எல்லாமே அந்தத் தூரத்துக்கு ஏற்ப அமைவது. ஐப்பசி முழுவதும் அந்த வட்டத்துக்குள் கார்கள் நின்றன. என் மகன்தான் பந்தைத் தள்ளிவிடுகிறவன். இரண்டு கார்களுக்கு நடுவில் இருந்த சந்தில் தள்ளிப் பழகினான். ஒரு நாள் பந்து ஒரு காரின் கதவில் பட்டுவிட்டது. டிரைவர் சத்தம் போட்டார், பந்தைப் பிடுங்கிக்கொண்டார். பி.டி. சார் பிள்ளைகள் முன்னால் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டு அதை வாங்கினார். எங்கள் பள்ளி மைதானத்தில், எங்கள் பள்ளி ஆசிரியர்.

இறுதி ஆட்டத்தில் நமக்குப் பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூட கோலாகவில்லை. ஒரு தடவை பந்தை நிறுத்த முடியவில்லை, ஒரு தடவை தள்ளியது கோணலாகப் போய்விட்டது. நாம் போட்ட ஒரே கோல் களத்தில் ஓடி ஆடிப் போட்டது. இந்த ஆட்டத்தில் பெனால்டி கார்னருக்கு எவ்வளவு மதிப்பு என்று யாராவது கேட்டால், 2024-இல் பாரிஸில் இந்தியா வெண்கலம் வென்ற ஆட்டத்தைச் சொல்லலாம். ஸ்பெயினை 2-1 என்று வென்றோம். ஹர்மன்பிரீத் சிங் போட்ட அந்த இரண்டு கோலுமே பெனால்டி கார்னரில் வந்தவை.

2025 டிசம்பரில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நம் ஊரிலும் மதுரையிலும் நடந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகள் எழும்பூருக்குப் போனார்கள். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் போட்டது. கேலரியே எழுந்து ஆடியது. என் மகன் பெனால்டி கார்னர் கிடைத்தபோதெல்லாம் தள்ளிவிடுகிறவரின் இடது கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து கூடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அதே மாதிரி நின்று பார்த்தான். அவனுக்குக் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது. கற்றுக்கொள்ளும் இடத்தைத்தான் நீங்கள் குத்தகைக்கு விடுகிறீர்கள்.

இந்த நகரத்தில் பிள்ளைகள் எங்கேதான் விளையாடுவது? தெருவில் இறங்கினால் வண்டி. அடுக்குமாடி வளாகத்தில் பந்து என்றாலே சண்டை. காலி மனை என்று எங்கள் பகுதியில் இப்போது எதுவுமே இல்லை. பள்ளியிலாவது விளையாடுவார்கள் என்றால் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் மட்டையைத் தொடாதே என்கிறார்கள். அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் பாஸ்கரன் தமிழ்நாட்டுக்காரர் என்று ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் மேடையில் சொல்கிறோம். மேடையில் சொன்னதைத் தரையில் செய்ய ஓர் அரை மைதானம்கூட மிச்சம் இல்லையென்றால் அந்தப் பேச்சைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பள்ளிக்கும் பணக் கஷ்டம் உண்டு என்று எனக்குத் தெரியும். கழிப்பறை பராமரிப்பு, காவலாளி சம்பளம், கூரை ஒழுகல் எல்லாவற்றுக்கும் அந்த வாடகை உதவியிருக்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒரு பள்ளிக்கு வேண்டியவற்றில் குடிநீரோடும் கழிப்பறையோடும் சேர்த்து விளையாட்டு மைதானத்தையும் சொல்கிறது. ஒன்றைப் பராமரிக்க இன்னொன்றை விற்கச் சொல்லவில்லை.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், மைதானத்தில் கல் பதிக்காதீர்கள். மண்டபத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அலுவலகத்துக்கு முன்னால் உள்ள முற்றம் இருக்கிறது, மாலையில் அது காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே இருபது கார்களாவது நிற்கும். வருமானத்தில் குறைகிற தொகையை ஈடுகட்ட எங்களால் என்ன முடியும் என்று விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோர் பேசியிருக்கிறோம். மாதாமாதம் ஒரு தொகை தரவும், டயர் பள்ளங்களை மண் கொட்டி நிரவித் தரவும் தயாராக இருக்கிறோம். பழைய மாணவர்கள் சிலரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தைக் கூட்டி இந்த ஒரு விஷயத்தைப் பேச வையுங்கள். பி.டி. சாரையும் அதற்கு அழையுங்கள். இதுவரை அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாசி பிறப்பதற்குள் தேதியைத் தெரிவித்தால், வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் விடுப்புச் சொல்லிவிட்டு வர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
சென்னை.