தம்பிக்கு, பிரேக் ஆயில் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனில் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

இரண்டு வருஷம் ஓடாமல் நின்ற கேரவனை வாங்கி நீயே ஓடவிட்டிருக்கிறாய். பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை ஸ்பேனர் பிடிக்கிறான் என்று சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் பிரேக் ஆயில் மாற்றினாயா என்றால் மட்டும் பேச்சை மாற்றுகிறாய்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் ஏறினால் 140லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் அதிலேயே போய், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து இறங்கிய எத்தனை வேன்களில் கடுங்காப்பி நிறத்தில் ஆயிலைக் கறந்து ஊற்றியிருக்கிறேன்!

அங்கே அமெரிக்காவில் நீ போகப்போகிற மலைப்பாதையில், டென்வருக்கு மேற்கே, ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான். சுரங்கத்தைத் தாண்டியதும் சில்வர்தோர்ன் ஊர் வரை 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்கத் தனிப்பாதையே உண்டு. மேலேயே கியரைக் குறைத்துவிடு. பெடல்மேல் காலை வைத்தபடியே இறங்காதே. அழுத்தி மிதித்து வேகத்தைக் குறை, விடு, ஆறட்டும்.

ஆயிலை மாற்று. ஆயில் டப்பா மூடியில் எழுதியிருப்பதையே ஊற்று. டாட் 5 என்று சிலிகான் ஆயிலை ஊற்றிவிடாதே. பிரேக் கட்டையை அழுத்திப் பிடிக்கிற காலிப்பரின் பின் துருவேறி இறுகியிருக்கும், கழற்றிப் பார். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருந்தால் காலை எடுத்தாலும் பிரேக் விடாது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, வீல்களைத் தொடாமல் பக்கத்தில் கை நீட்டிப் பார். ஒன்று மட்டும் அனலடித்தால் கோளாறு அங்கேதான்.

அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே வீல் பக்கம் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட. மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். எனக்கு உங்கம்மா மிதிப்பாள்.

உனக்கு யார் மிதிப்பார்கள்? மருமகளைக் கேட்டால் "வேலையா இருக்கா" என்கிறாய். போனில் வண்டிக்குள் காட்டினாய், கட்டிலில் ஒரு தலையணைதான் இருந்தது. அம்மாதான் கவனித்தாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

கூட ஆள் இல்லையென்றால் பட்டறையில் விடு, பணம் பார்க்காதே. ஆயில் மாற்றியாயிற்று, இன்னார் மிதித்தார் என்று ஒரு வரி எழுது. அதற்குப் பிறகு மலைக்குப் போ.

அப்பா