அறிக்கையில் இல்லாத பெயர்

எங்கள் சங்கத்தின் அங்கத்தவர்களுக்கும், அந்த ஒன்பது நாளும் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் கணினியில் இருந்த உங்கள் சேமிப்புக் கணக்குகள் எல்லாம் அழிந்துபோன கதையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் அது தெரியாத வீடு இல்லை. சந்தைக்குப் போனாலும் காளி கோயிலுக்குப் போனாலும் "பிள்ளை, எங்கட கணக்கு வந்திட்டுதா?" என்றுதான் கேட்டீர்கள். வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் கடைசிக் கணக்கையும் ஒப்பிட்டு முடித்தோம். ஒரு சதமும் குறையவில்லை. இன்றைக்காவது தூங்கலாம் என்று படுத்தேன், முடியவில்லை. எழும்பியிருந்து இதை எழுதுகிறேன்.

நன்றி சொல்லவேண்டிய ஆட்கள் நிறைய. சேமிப்புப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு வந்த அம்மாமாருக்கு. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைச் சேர்த்தவர்களுக்கு. ஒரு ஊரின் புத்தகங்களை ஒரே பையில் வாங்கிவந்து கந்தோர் வாசலில் எண்ணி ஒப்படைத்த பஸ் கொண்டக்டர் தம்பிக்கு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் இது நடந்திருந்தால், துறையடியில் காத்து நின்றே பாதி நாள் போயிருக்கும். இரவிரவாகக் கண்விழித்துப் பதிந்து தந்த வளாகத்துப் பிள்ளைகள் நாலு பேருக்கும், கேட்காமலே தேத்தண்ணி அனுப்பிய பக்கத்துக் கடை நானாவுக்கும், என்னை ஒரு வார்த்தை கேளாத நிர்வாக சபைக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்குத்தான். பெயரைப் போடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உவர்மலைப் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. நாங்கள் 'சேர்' என்போம்.

சேர் மென்பொருள் ஆர்க்கிடெக்ட். கொழும்பில் முப்பத்துநாலு வருடம் அந்த வேலை பார்த்தவர். வீடு கீறிக் கொடுக்கிறவரா என்று அம்மா கேட்டா. கிட்டத்தட்ட அதுதான். நிரல் எழுதுகிற நாங்கள் ஆளுக்கொரு அறை கட்டுகிறோம். எந்தச் சுவர் எதைத் தாங்கும், பெருமழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், ஓர் அறை இடிந்தாலும் மற்ற அறைகள் எப்படி நிற்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது அவருடைய வேலை. ஊருக்கு வந்தபிறகு எங்கள் சங்கத்தின் கணினி முறைமையை ஒரு சதம் வாங்காமல் வரைந்து தந்தார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் முதல் படம் கீறினார். முதல் பெட்டியைக் கீறுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "இது ஒருநாள் விழும். விழுந்தால் முதலில் ஆர் வந்து கவுண்டரில் நிற்பார்?"

கணினி வந்த பிறகும் சேமிப்புப் புத்தகத்தில் கையால் எழுதவேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் அவர்தான். இரட்டை வேலை என்று நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். "கொம்பியூட்டர் ஒரு சாட்சி. சனத்தின்ர கையில இன்னொரு சாட்சி இருக்கட்டும்" என்றார். கடைசியாக எடுத்து வைத்த காப்பு நகலுக்குப் பிறகு பதிந்து, காணாமல் போன பதினொரு நாள் கணக்கு, அந்தக் கையெழுத்துகளில்தான் உயிரோடு இருந்தது.

அவருடைய வேலையின் நுட்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டும். இரண்டாம் நாள் இரவு, மீட்டெடுத்த பட்டியலில் சிலர் இரண்டு ஆட்களாக நின்றார்கள். கோணேஸ்வரி என்று ஒருவர், கீழே அதே இலக்கத்தில் இன்னொரு கோணேஸ்வரி. திருகோணமலையில் 'கோ'வில் தொடங்கும் பெயருக்கா பஞ்சம்! எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டோம், ஒரு வித்தியாசமும் இல்லை. சேர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கண்ணால் பாக்காதே, எண்ணிப் பார்" என்றார். எண்ணினேன். இயந்திரம் அந்தப் பெயரைச் சேமித்து வைத்திருந்த குறியீடுகள் ஒன்றில் 9, மற்றதில் 10.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுக் குறியீடு தருகிற யூனிகோடில் தமிழ் 1991இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்க் கந்தோர்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்தன. பாமினியில் 'கோ' என்பது மூன்று தட்டு: இரட்டைக் கொம்பு, க, அரவு. பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் அரவும் தனித்தனியாகவே தங்கிவிட்டன. புதிதாகத் தட்டிய 'கோ'வில் இரண்டும் சேர்ந்து ஒரே குறியீடு. திரையில் இரண்டும் ஒரே 'கோ'. ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடு என்று சொல்லாவிட்டால் இயந்திரத்துக்கு அவை இரண்டு. காரணம் தெரிந்தபின் இரட்டைப் பெயர்களை எல்லாம் ஒரே மணித்தியாலத்தில் சேர்த்து முடித்தோம். இவ்வளவுக்கும் சேர் ஒரு தடவைகூட விசைப்பலகையில் கை வைக்கவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் "இது என்ன செய்யும், சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

இதற்கெல்லாம் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. மிகச் சின்ன விசயம், ஒரு தாளில் நாலு வரி.

மூன்றாம் நாள் நிர்வாக சபைக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். நான் எழுதினேன். முதல் வரி: "சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து, உண்மையான தரவுத்தளத்தை நான் அழித்தேன்." தரவுத்தளம் என்பது கணக்கெல்லாம் சேர்ந்திருக்கும் கணினிப் பேரேடு; சோதனையானது முயன்று பார்க்க மட்டும் வைத்திருந்தது. எழுதும்போதே கை நடுங்கியது. சேரிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். பேனையை எடுத்து 'நான்' என்பதை வெட்டினார். 'அழித்தேன்' என்பதையும் வெட்டினார். தமிழில் அந்த வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஆளை எடுக்க முடியாதே, வாலில் 'ஏன்' என்று நான் தொங்கிக்கொண்டிருப்பேன். அதனால் வரியையே மாற்றி எழுதினார்: "சோதனைத் தரவுத்தளமும் உண்மையான தரவுத்தளமும் ஒரே சேர்வரில், ஒரே கடவுச்சொல்லில், ஒரே நிறத் திரையில் திறக்கக்கூடியதாக இருந்தன. அழிக்குமுன் முறைமை எதையும் கேட்கவில்லை."

"சேர், இது மறைக்கிற மாதிரி இருக்கே" என்றேன்.

"மறைக்கேல்லப் பிள்ளை. 'நான்' எண்டு எழுதினால் வாசிக்கிற ஆள் அந்த இடத்திலேயே நிண்டிடுவார். ஓட்டையைப் பார்க்க வரமாட்டார். உன்னை எடுத்திட்டு வேற பிள்ளையை வைத்தாலும் அடுத்த வருசம் அதே ஓட்டைக்குள்ள அவளும் விழுவாள்."

பிறகு ஒரு கதை சொன்னார். அப்பலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன், தன் சின்ன மகளை வேலைத்தலத்துக்குக் கூட்டிப் போவாராம். மாதிரிக் கருவியில் பிள்ளை விளையாட்டாக அமத்திய விசைகள், பறப்பின் நடுவில் ஏவுதலுக்கு முந்திய நிரலை எழுப்ப, எல்லாம் குழம்பிப் போயிற்று. இப்படி நடக்காமல் ஒரு காவல் போடுவோம் என்று ஹாமில்டன் கேட்டார். விண்வெளி வீரர்கள் நன்றாகப் பழகினவர்கள், அப்படிப் பிழை விடமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்துவிட்டது. 1968 டிசம்பரில், அப்பலோ 8இல், ஜிம் லவெல் தவறுதலாக அதே நிரலைத் தெரிவு செய்தார். விண்கலம் எங்கே நிற்கிறது என்று காட்டும் தரவு அழிந்தது. தரையிலிருந்து திரும்ப அனுப்பித்தான் சரிசெய்தார்கள். "பழகின கைதான் வேகமாப் போகும், வேகமாப் பிழையும் விடும்" என்றார் சேர்.

அத்தோடு விட்டிருந்தால்கூட நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருப்பேன். அவர் பையிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். எந்த முடிவை எடுத்தாலும், ஏன் எடுத்தோம் என்று திகதி போட்டு எழுதி வைப்பது அவர் வழக்கம். 2018ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றைத் திறந்து எனக்குக் காட்டினார்: "இரண்டாவது சேர்வருக்குக் காசில்லை. இப்போதைக்கு இரண்டையும் ஒன்றில் வைக்கிறோம். பிறகு பிரிக்க வேண்டும்." அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அதைப் பார்த்து, அறிக்கையின் நாலாவது வரியாகத் தன் கையால் எழுதினார்: "இவற்றை ஒரே சேர்வரில் வைக்க 2018இல் சம்மதித்தவன் நான்." கீழே முழுப் பெயரும் கையெழுத்தும்.

என் பெயரை எடுத்த பேனையாலேயே தன் பெயரைப் போட்டார். கதை அவ்வளவுதான். நான் எழும்பிப் பின்வளவுக்குப் போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதற்கும் நன்றி.

ஆனால் அந்த அறிக்கையை வாசித்த சிலர், பிழை சேருடையது என்று கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் விடியும்வரை பொறுக்காமல் எழுதுகிறேன். அந்த வரியில் எழுவாய் இல்லாமல் நின்ற ஆள் நான். சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கட்டளையைக் கொடுத்தவள் நான். முப்பத்துநாலு வருடம் அவர் சேர்த்த நற்பெயரின் நிழலில் நான் ஒளிந்திருக்க முடியாது.

இப்போது இரண்டு தரவுத்தளமும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. உண்மையானது திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. அழிப்பதானால் தரவுத்தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, காப்பு நகலை வேறொரு கணினியில் திருப்பிப் போட்டு, பத்து அங்கத்தவரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எடுத்து வைத்தால் மட்டும் அது காப்பு ஆகாது, திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆகும் என்று சேர் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தார். ஒரு மாதமும் தவறவிடமாட்டேன். புத்தகத்தோடு வந்து பக்கத்தில் இருந்து பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம்.

சேரை உவர்மலை ஏற்றத்திலோ கடற்கரையிலோ கண்டால் சுகம் விசாரியுங்கள். கணக்குப் பற்றிக் கேட்க இருந்தால் என்னிடம் கேளுங்கள். காலை எட்டரை முதல் நாலேகால் வரை கந்தோரில் இருப்பேன். காசாளருக்கு இடப்பக்கம், இரண்டாவது மேசை.