ஆறு முழம், நாலு முழம்

அன்புள்ள முருகேசா,

நீ நெய்து அனுப்பிய போர்வை சனிக்கிழமை வந்து சேர்ந்தது. கரை நேராக விழுந்திருக்கிறது, கை வைத்தாலே தெரிகிறது. உன் பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதுதான் வருத்தம். முழங்கால் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. வீட்டோடு கிடப்பதால் பழையபடி ரோமாபுரிச் சரித்திரத்துக்குள் புகுந்துவிட்டேன்.

ரோமானியச் சிப்பாயின் மேற்போர்வைக்கு லத்தீனில் 'சகும்' என்று பெயர். முதல் எழுத்தை நெடிலாக்கிப் பார், சிப்பாய்க்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது! தையல் வேலை ஒன்றும் கிடையாது. நீள்சதுரமான தடித்த கம்பளித்துணி, வலது தோளில் ஒரு ஊசிக்கொக்கி, அவ்வளவுதான். வாள் வீச வலக்கை வெளியே இருக்கும். ராத்திரியில் அதுவே போர்வை. தளபதிக்கு மட்டும் வேறு அங்கி, வேறு பெயர்.

நகரத்தில் டோகா என்ற அமைதிக்கால உடை உடுத்தியவர்கள் 'சகும் தரித்தார்கள்' என்றால் போர் வந்துவிட்டது என்று அர்த்தம். கி.மு. 43-இல் ஆண்டனி என்ற தளபதியோடு ரோமின் ஆட்சிமன்றத்துக்கு மோதல் முற்றியபோது, முன்னாள் கான்சல்கள், அதாவது தலைமை ஆட்சியாளராக இருந்தவர்கள், டோகாவிலேயே இருக்கலாம் என்ற சலுகை பேச்சாளர் சிசரோவுக்கும் இருந்தது. ஊரே சகும் உடுத்தும்போது எனக்கு மட்டும் என்ன தனி உடை என்று அவரும் அதையே உடுத்திக்கொண்டார். கொஞ்சம் நாடகம்தான், ஆனாலும் நல்ல நாடகம்.

அப்புறம் உனக்காகவே ஒன்று எடுத்து வைத்தேன். கி.பி. 138-ஆம் ஆண்டு எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சீட்டு. இன்றைய துருக்கியில் உள்ள கப்படோக்கியாவில் இருந்த ரோமானியப் படைக்காக, எகிப்தின் பிலடெல்பியா என்ற கிராமத்து நெசவாளர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு. வெள்ளை மேற்போர்வை நான்கு, ஒவ்வொன்றும் 6 முழ நீளம், 4 முழ அகலம், ஒன்றுக்கு 24 திராக்மா (அந்தக் கால நாணயம்). ஒரு சட்டை, முகாம் ஆஸ்பத்திரிக்கு ஒரு போர்வை, எல்லாம் சேர்த்து 148. ஆஸ்பத்திரிப் போர்வைக்கான 28-இல் 6 திராக்மாவைக் கருவூலத்துக்கென்று பிடித்துக்கொண்டார்கள். நிபந்தனை வேறு: மென்மையான, அழுக்கில்லாத வெள்ளைக் கம்பளி, நெருக்கமான நெசவு, ஓரம் முடித்திருக்க வேண்டும். உன் வியாபாரி பேசுவதுபோல இல்லை?

சிசரோவின் பேச்சைவிட இந்தச் சீட்டைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சரி, நீ சொல்லு: நாலு முழ அகலத்துக்கு ஒரே ஆள் தறியில் நாடா எறிய முடியுமா, இரண்டு பேர் உட்கார வேண்டுமா? ஒரு போர்வைக்கு எத்தனை நாள் பிடிக்கும்?

அன்புடன்,
சுந்தரம்