படத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி: பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ், செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

விண்வெளிப் படங்களை நீங்கள் தாராளமாகவே போடுகிறீர்கள், மகிழ்ச்சி. என் குறையெல்லாம் படத்துக்குக் கீழே வரும் வரியைப் பற்றித்தான். ‘பிரமிக்க வைக்கும் பிரபஞ்சம். நன்றி: நாசா’ என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எந்தக் கருவி எடுத்தது, எப்போது எடுத்தது, அந்த நிறம் எப்படி வந்தது, எதுவும் இருக்காது.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெப்டியூனே சாட்சி. 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் அதைக் கடந்து போனது. கேமரா எடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். வெவ்வேறு வண்ண வடிகட்டிகள் வழியே எடுத்து, இங்கே வந்த பிறகு சேர்த்து வண்ணமாக்கினார்கள். மேகமும் காற்றுப் பட்டைகளும் நன்றாகத் தெரியட்டும் என்று நிறத்தைக் கொஞ்சம் தூக்கியும் விட்டார்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை, படத்தோடு வந்த குறிப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். படம் உலகம் சுற்றியது, குறிப்பு வழியில் உதிர்ந்துபோனது. ஒரு தலைமுறையே நெப்டியூன் என்றால் மைநீலம் என்று வளர்ந்தது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி பேட்ரிக் இர்வினின் குழு, ஹபிள் தொலைநோக்கியின் தரவுகளையும் சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் தரவுகளையும் வைத்துப் பார்த்துச் சொன்னது: நெப்டியூனும் யுரேனஸும் கிட்டத்தட்ட ஒரே நிறம், பச்சை கலந்த வெளிர்நீலம். நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் கூடுதல், அவ்வளவுதான்.

நிறம் சேர்ப்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. 1995இல் ஹபிள் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தைப் பாருங்கள், விண்வெளியில் தூண்போல் நிற்கும் வாயு, தூசு மேகங்கள் அவை. அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். அங்கே ஹைட்ரஜனும் கந்தகமும் உமிழ்வது இரண்டுமே சிவப்பு ஒளிதான். அப்படியே விட்டால் எது எதுவென்று பிரித்துப் பார்க்க முடியாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்ப்பதோ பெரும்பாலும் அகச்சிவப்பு, நம் கண்ணுக்கு எட்டாதது. நிறம் கொடுக்காமல் அதைக் காட்டவே வழியில்லை.

தூண்கள் படத்தின் ஒரு மூலையில் படிக்கட்டு மாதிரி ஒரு கறுப்பு இடம் இருக்கும். ஹபிளின் அந்தக் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் நான்கு மின்னணுச் சில்லுகள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நெருக்கமாகப் பார்க்கும். அதன் படத்தை மற்ற மூன்றின் அளவுக்குச் சுருக்கி ஒட்டும்போது மிஞ்சுகிற வெற்றிடம் அது. அசிங்கமாக இருக்கிறது என்று பக்க வடிவமைப்பாளர் அதை வெட்டிவிடுவார். எனக்கோ படத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

சரி, நிறமாவது போகட்டும். ஓவியத்தைப் புகைப்படமாக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2017இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற விண்பொருளைச் சுருட்டு போன்ற பாறையாகப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கியில் அது வெறும் ஒளிப்புள்ளி. வெளிச்சம் கூடிக் குறைந்த விதத்தை வைத்து நீளமாக இருக்கலாம் என்று கணித்தார்கள், மீதி ஓவியர் வரைந்தது. அதே ஆண்டு வந்த, டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் கோள்களின் படங்களும் ஓவியங்களே. நம் பால்வெளி மண்டலத்தை மேலிருந்து முழுச் சுருளாகக் காட்டும் படமும் அப்படித்தான். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கூரையை மேலிருந்து படம்பிடிக்க முடியுமா?

இடமில்லை என்பீர்கள். ‘ஓவியம்’ என்று போட எவ்வளவு இடம் வேண்டும்? ‘அகச்சிவப்புப் படம், நிறம் சேர்த்தது’ என்பதும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். விண்வெளி அமைப்புகள் படத்தோடு இந்த விவரங்களையும் தருகின்றன. படத்தை மட்டும் உருவிக்கொள்ளாமல் நான்கு வரி கீழே படித்தால் போதும்.

2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம், 2030 ஏப்ரலில்தான் வியாழனைச் சேரும். அதற்கு முன்னால் அது வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிமேல் பறக்கிற படம் உங்கள் மேசைக்கு வந்தால், அது ஓவியம். ‘ஓவியம்’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்