மீன் குடலைக் கடலில் கொட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

குருநகர், மயிலிட்டித் துறைகளில் எறியப்படும் மீன் தலை, குடல், செதிள்களைப் பயிருக்குத் தெளிக்கும் புரதக் கரைசலாக்கப் பெரிய ஆலை தேவையில்லை. அன்றைய கழிவையே அரைத்து, 100 கிலோவுக்கு 85 வீத போமிக் அமிலம் 3 முதல் 3.5 கிலோ விட்டு, பிளாஸ்டிக் பீப்பாயில் அடிவரை கலக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். இரும்புப் பீப்பாய் அரித்துப்போகும்.

புரதத்தை உடைப்பவை பெரும்பாலும் குடலிலுள்ள நொதியங்களே. தலையை மட்டும் போட்டால் கரைய நாட்செல்லும்; அவித்த கழிவோ கரையவே கரையாது. அமிலம் படாத கட்டிகள் உள்ளே அழுகும். முள் கூடினால் அமிலமும் கூட வேண்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4ஐத் தாண்ட விடக்கூடாது. நாளாந்தம் கிளறினால் எங்கள் வெக்கைக்கு ஒரு வாரமளவில் திரவமாகிவிடும்.

எண்ணெயை வடித்து, துணியில் அரித்து, லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலந்து மிளகாய், வெங்காயத்துக்கு மாலையில் தெளிக்கலாம். கடற்றொழிலாளர் சங்கங்கள் துறைக்கு ஓர் அரைக்கும் இயந்திரமாவது வைக்க வேண்டும்.

வாசகர்,
யாழ்ப்பாணம்