ஆண்டறிக்கை 2024-25: மானாவாரி சோளமும் யூரியாவும்

எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் வழக்கம்போல பெங்களூரு அல்சூர்ல ரெண்டாவது ஞாயித்துக்கெழம நடந்துச்சு, ரெண்டு மாசம் மட்டும் மழையில விட்டுப்போச்சு. நவம்பர்ல ஜிகேவிகேல (பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக வளாகம்) நடந்த கிருஷி மேளாங்கற விவசாயக் கண்காட்சிக்கு வேன் புடிச்சு போயிட்டு வந்தோம். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாரு.

இந்த வருஷம் நாம அதிகமா பேசினது புரட்டாசிப் பட்டத்து சோளத்துக்கு தழைச்சத்து (நைட்ரஜன், யூரியால இருக்கறது) எப்போ குடுக்கணும்னுதான். அதுக்கு காரணம் நான் பண்ணின தப்பு, மறைக்காம சொல்லிடறேன். கோவில்பட்டி பக்கம் எங்க கரிசல்ல வெதச்சு ஒரு மாசத்துல அடி இலையெல்லாம் நுனியிலருந்து நடு நரம்பு வழியா மஞ்சளா ஏறுதுன்னு அண்ணன் போட்டோ அனுப்பிச்சாரு, தழைச்சத்து பத்தலன்னு நான் இங்க உக்காந்துகிட்டே ஒரு மூட்டை யூரியாவ தூவி விடுங்கண்ணேன்னு சொல்லிட்டேன். அப்புறம் மழையே வரல. ஊருக்கு போயி தோண்டி பாத்தா மேல நாலு விரக்கடைக்கு மண்ணு பொடியா காஞ்சு கெடக்கு, ஈரமும் வேரும் அதுக்கு கீழதான் இருக்கு. மேலாப்புல கெடந்த யூரியா பனி ஈரத்துல கரைஞ்சு அமோனியாவா காத்துல போயிரும், கரிசல் காரமான மண்ணுங்கறதால இன்னும் வேகமா போகும்.

விசாரிச்சப்போதான் தெரிஞ்சுது, நம்மள்ல பாதிப்பேரு இறவை (தண்ணி பாய்ச்சற) சோளத்துக்கு சொன்னத மழைய நம்பின மானாவாரிக்கு போட்டுட்டு இருந்திருக்கோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக பரிந்துரைப்படி இறவைன்னா ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, பாதி அடியுரம், மிச்சத்த 15ம் நாளும் 30ம் நாளும் பிரிச்சு போடணும். மானாவாரிக்கு 40 கிலோதான். ஏக்கருக்கு 16 கிலோ வரும், யூரியால 46 சதவீதம் தழைச்சத்துங்கறதால சுமாரா 35 கிலோ யூரியா, 45 கிலோ மூட்டையில பத்து கிலோ மிஞ்சும். அத வெதைக்கும்போதே ஈரம் இருக்கற ஆழத்துல போட்டு மூடிடணும், ஆனா உரம் விதைய தொடக்கூடாது, தொட்டா முளைப்பு கெட்டுப்போகும்.

இன்னொண்ணு, நம்ம உறுப்பினர் ஒருத்தரோட சினைப்பசு சோளம் அறுத்த கட்டையில வந்த துளிர மேஞ்சு ஒரு மணி நேரத்துல செத்துப்போச்சு, அவங்கம்மா இன்னும் தொழுவத்துப் பக்கம் போறதில்ல. வாட்டத்துல இருக்கற இளஞ்சோளத்துல சயனைடு விஷம் ஏறும், தழைச்சத்து அதிகமானா இன்னும் கூடும். தயவுசெஞ்சு ஊருக்கு போன் பண்ணி இத சொல்லுங்க.

ஆடி மாசக் கூட்டத்துக்கு அவங்கவங்க நிலத்துலருந்து அரைக்கிலோ மண்ணு, நெழல்ல காயவெச்சு, துணிப்பையில சர்வே நம்பர் எழுதி கொண்டு வாங்க. பரிசோதனைக்கு மொத்தமா நானே கொண்டு போறேன்.

செயலாளர்